லூர்து நகரில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

நம் பங்குத்தந்தைக்கும், அன்பியத்துச் சகோதர சகோதரிகளுக்கும், கடல் கடந்து இருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஊர் திரும்பியதும் எழுத நினைத்த மடல் இது. கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

நானும் என் கணவரும் பிரான்சுக்குச் சுற்றுலா போகத்தான் முதலில் திட்டமிட்டோம். பாரிஸ், லூர்து, அப்புறம் பிரனீஸ் மலைகள். "லூர்து வரைக்கும் போறீங்க, மாதா காட்சி கொடுத்த குகைக் கெபியைக் கும்பிட்டுட்டு உடனே திரும்பிடாதீங்க. ஒரு வாரம் தங்கி நோயாளிகளுக்குப் பணி செய்யுங்க" என்றவர் பங்குத்தந்தை. 1885 முதல் அங்கே ஒரு தொண்டர் அமைப்பு இருக்கிறது. பல நாட்டவர் சொந்தச் செலவில் வந்து வேலை செய்கிறார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். அவர் கடிதம் எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தப் பயணமே வேறாக இருந்திருக்கும். நன்றி, ஃபாதர்.

பாரிஸில் லா சப்பல் பக்கத்தில் எங்களைத் தங்கவைத்த ஈழத்துக் குடும்பத்துக்கு என்ன சொல்ல? அதற்கு முன் எங்களைப் பார்த்ததே இல்லை. அக்கா விடியற்காலையில் எழுந்து இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்தார். அண்ணன் மோன்பர்னாஸ் நிலையம் வரை வந்து, எங்கள் பெட்டியைத் தேடி உட்காரவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

லூர்தில் எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அயர்லாந்துக்காரர். எழுபதைத் தாண்டியவர். நடக்க முடியாதவர்களை அங்கே நீலநிற மூன்று சக்கர வண்டிகளில் அழைத்துப் போகிறார்கள். கை ரிக்‌ஷா மாதிரி ஒருவர் முன்னால் இழுக்க வேண்டும். இறக்கத்தில் எப்படி நிதானிப்பது, மழை வந்தால் மேல்மூடியை எப்படி இழுத்து விடுவது எல்லாம் காட்டினார். ஆனால் அவர் முதலில் சொன்னது வேறு: வண்டியைத் தொடுவதற்கு முன் உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும். கெபிக்குள் போகும்போது பாறை அவர் கைக்கு எட்டும்படி ஓரமாகப் போக வேண்டும். எத்தனையோ பேர் தடவித் தடவி அந்தப் பாறை வழவழப்பாகிவிட்டது. ஒரு போலந்துப் பாட்டி அதில் உள்ளங்கையை வைத்தபடி நகரவே விடவில்லை. பின்னால் வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. எங்களை நம்பி வண்டியில் அமர்ந்த அந்தப் பாட்டிக்கும் மற்ற எல்லோருக்கும் என் நன்றி.

1858இல் மாதாவின் காட்சி கண்ட சிறுமி பெர்னதெத் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட ஊற்றின் நீரைக் குளியல் மண்டபத்தில் பெண்களின் கைகளில் ஊற்றும் வேலையும் எனக்குக் கிடைத்தது. அதில் கை, முகம் கழுவி, ஒரு வாய் குடிக்கிறார்கள். சிலர் அழுவார்கள். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுச் சகோதரி, பேச வேண்டாம், கூட நின்றால் போதும் என்று சைகையால் சொல்லிக்கொடுத்தார். இரவு ஒன்பது மணி மெழுகுவர்த்திப் பவனியில் ஒரு மங்கள வார்த்தை ஜெபத்தைத் தமிழில் சொல்ல எனக்கு ஏற்பாடு செய்ததும் அவர்தான். மெயின்கார்ட் கேட் லூர்து மாதா கோயிலில் சின்ன வயதிலிருந்து சொன்ன ஜெபம். அங்கே ஒலிபெருக்கியில் சொல்லும்போது குரல் நடுங்கிவிட்டது.

சுற்றிப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். அதுவும் மற்றவர்களின் தயவுதான். எங்கள் குழுத்தலைவி இத்தாலியர். ஓய்வு நாளில் நாங்களாகவே வேலைக்கு வந்து நின்றதைப் பார்த்துப் பேருந்து நேரத்தை எழுதிக் கையில் கொடுத்து, கவார்னிக்கு அனுப்பிவைத்தார். மலைகள் அரைவட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவில் நானூறு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து அருவி விழுகிறது. 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மலைப்பகுதி. என் கணவர் அங்கே வாயே திறக்கவில்லை.

என்னை அதிகம் உலுக்கியது ஊருக்குள்ளே இருக்கும் கஷோ. பழைய சிறை அறை அது. மாவு ஆலை கைவிட்டுப்போன பிறகு பெர்னதெத்தின் குடும்பத்தில் ஆறு பேரும் சுமார் 16 சதுர மீட்டரில் அங்கேதான் வாழ்ந்தார்கள். ஆஸ்துமாவோடு அந்த ஈரச்சுவருக்குள் கிடந்த பெண்ணை அன்று என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. காலையில் மூச்சுத் திணறும் ஒருவரின் வண்டியை இழுத்துவிட்டு வந்திருந்தேன். வெறும் சுற்றுலாவாகப் போயிருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பேன்.

நாங்கள் இல்லாத நாட்களில் என் மாமியாரை வேளாவேளைக்குச் சாப்பிடவைத்து, மாத்திரை கொடுத்து, இரவில் துணைக்குப் படுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு, நாங்கள் அங்கே செய்த வேலையில் பாதிப் பங்கு உண்டு.

லூர்துத் தண்ணீர் கேட்டவர்களுக்குச் சின்னப் பாட்டில்களில் கொண்டுவந்திருக்கிறோம். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் நம் கோயில் கெபி அருகே வாருங்கள். அடுத்த ஆண்டு பணிக்குப் போக விரும்புகிறவர்களும் அப்போதே சொல்லுங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம்.

அன்புடன்,
லூர்து போய்வந்த தம்பதி, திருச்சி