ஆணையர் அவர்களே, அந்த அறையைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். திடல் மூலையில் எங்கள் பேஸ்கட்பால் கிளப் வைத்திருந்து, இப்போது நகராட்சி பூட்டி மூட்டை அடுக்கி வைத்திருக்கும் அறை விஷயமாக எழுதுகிறேன். நாங்கள் கொடுத்த மூன்று மனுக்களும் தங்கள் மேசையில்தான் இருக்கின்றன, அதனால் பழைய கதையை மறுபடி ஆரம்பிக்கவில்லை. போன சனிக்கிழமை மழை பெய்யாமல் இருந்திருந்தால் நான்காவது மனுவோடு வரிசையில் நின்றிருப்போம்.

அன்று சாயங்காலம் ஜன்னல் கம்பி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். பிளீச்சிங் பவுடர் மூட்டைகளைக் கூரை வரை அடுக்கியிருக்கிறார்கள். அடி மூட்டை கிழிந்து, ஒழுகிய தண்ணீரில் கரைந்து, எங்கள் மரபீரோவின் காலைச் சுற்றி வெள்ளையாகக் கட்டி நிற்கிறது. நெடியில் கண் எரிந்தது. ஷீல்டுகளின் பித்தளைத் தகடுகள் பச்சை பூத்துவிட்டன. பீரோவுக்குள் ஸ்கோர் நோட்டுகள் என்ன கதியில் இருக்கின்றனவோ.

"பழைய நோட்டுதானே சார்" என்றார் தங்கள் ஊழியர் ஒருவர். ஆமாம், பழைய நோட்டுதான். 1920-ல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த டிரில் மாஸ்டர் ஒருவர்தான் இந்தத் திடலில் முதல் கம்பத்தை நட்டார். முதல் நோட்டு அவர் கையெழுத்து. 1984-க்கு முந்தைய பக்கங்களில் மூன்று புள்ளி என்பதே கிடையாது, எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். அப்புறம் 2000-க்கு முந்தையவற்றில் நான்கு குவார்ட்டரும் இருக்காது. இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் ஒரு கோடு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியின் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியவர் என் அப்பா. எங்கள் கிளப்பின் வரலாறு வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. தயவுசெய்து அந்த அறையைத் திறந்துவிடுங்கள்.

ரிங்குக்குக் கீழே இருக்கும் சரிவகக் கோடு 2010-லேயே உலகம் முழுக்கச் செவ்வகமாகிவிட்டது. நம் கோர்ட்டில் இன்னும் சரிவகம்தான். இங்கே பழகும் பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிக்குப் போய்த்தான் அந்தச் செவ்வகத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு டப்பா பெயிண்ட் கேட்டோம், நிதி இல்லை என்றார்கள். சரி. ஆனால் திடல் வாசலில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு சிவப்பு இதயம் வைத்து ஆளுயரத்துக்கு எழுத்து நிற்கிறது, விடிய விடிய விளக்கு எரிகிறது. ஊர்மேல் அவ்வளவு பாசம்!

மன்னிக்கவும், பெயிண்டுக்கு இன்னொரு மனு போட்டுக்கொள்கிறோம். இப்போது கேட்பது சாவி மட்டும், அதுவும் ஒரே ஒரு காலைக்கு. அறையே திரும்ப வேண்டும் என்றுகூட இன்றைக்குக் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு ஆறு மணிக்கெல்லாம் கோர்ட்டில் இருப்போம். சாவியோடு யாரையாவது அனுப்பி வையுங்கள். மூட்டைகளை நாங்களே நகர்த்தி, பீரோவை எடுத்துக்கொண்டு, திரும்ப அடுக்கியும் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கிளப்பின் பழைய ஆட்டக்காரன் ஒருவன்