நோயில்லாமல் வந்து படுத்தவர்களுக்கும் நன்றி

கொரோனாவுக்குப் பின் தங்கள் இதயத்தைப் படமெடுக்க ஒப்புக்கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

2020 ஜூலையில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வு வந்தபோது பலருக்கு வயிற்றைக் கலக்கியது. தொற்றிலிருந்து மீண்ட 100 பேரில் 78 பேரின் இதய எம்.ஆர்.ஐ.யில் ஏதோ ஒரு மாறுதல். 60 பேருக்கு இதயத் தசையில் அழற்சியின் தடயம். அந்த 100 பேரில் 67 பேர் வீட்டிலேயே குணமானவர்கள். அவர்களுக்கு நன்றி. அறிக்கையின் கணக்குப் பிழைகளைச் சுட்டிக்காட்டிய வாசகர்களுக்கும், அடுத்த மாதமே திருத்தி வெளியிட்ட ஆய்வாளர்களுக்கும் அதே அளவு நன்றி. முக்கிய முடிவு மாறவில்லை. ஆனாலும் திருத்தியது பெரிய காரியம்.

இந்தப் பரிசோதனைக்குப் பொறுமை வேண்டும். முக்கால் மணி நேரம் குழாய்க்குள் அசையாமல் கிடக்க வேண்டும். "மூச்சை விட்டு நிறுத்துங்க" என்றதும் பத்துப் பன்னிரண்டு நொடி அப்படியே இருக்க வேண்டும். மூச்சை வெளியே விட்ட நிலையில்தான் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத் தசை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். இழுத்துப் பிடித்தால் இடம் மாறிப் படம் கலங்கும். கடோலினியம் என்ற படமெடுப்பு மருந்தை ஊசியில் ஏற்றியபின் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும். வடுவில் தங்கி வெள்ளையாகத் தெரியும். மாரடைப்பின் வடு உட்சுவரில் தொடங்கும். வைரஸ் அழற்சியின் வடு பெரும்பாலும் சுவரின் நடுவிலோ வெளிப்பக்கத்திலோ இருக்கும்.

தசையில் நீர் கோத்திருப்பதைக் காட்டும் டி1, டி2 எண்களோ இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். காந்தத்தின் வலிமை 3 டெஸ்லா உள்ள இயந்திரத்தில் டி1 இயல்பாகவே 1.5 டெஸ்லா இயந்திரத்தைவிடக் கூடுதல். நோயில்லாதவர்களை அதே இயந்திரத்தில் படுக்கவைத்துப் பார்த்தால்தான் எது இயல்பு என்றே தெரியும். லண்டனில் மருத்துவமனைப் பணியாளர்கள் 149 பேர் வந்தார்கள். லேசான தொற்று வந்துபோனவர்கள் 74, தொற்றே வராதவர்கள் 75. ஆறு மாதம் கழித்து இரு தரப்பு இதயங்களிலும் வேறுபாடு இல்லை என்று 2021-ல் தெரிந்தது. அந்த 75 பேர் வந்திராவிட்டால், எல்லோரிடமும் இருக்கும் சின்னச் சின்ன மாறுதல்கள்கூடக் கொரோனாவின் கணக்கில் சேர்ந்திருக்கும். எத்தனை பேரின் அச்சத்தைத் தீர்த்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.

அமெரிக்காவின் பிக் டென் என்ற விளையாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் வீரர், வீராங்கனைகளுக்கும் நன்றி. தொற்று வந்துபோன 1,597 பேரில் 37 பேருக்கு இதயத் தசையில் அழற்சி. அதில் 28 பேருக்கு இதயக் கோளாறின் அறிகுறியே இல்லை. அந்த 37 பேரில் 27 பேர் மறுபடி வந்து படமெடுத்தார்கள். டி2 எல்லோருக்கும் சரியாகியிருந்தது. வடு மறைந்தது 11 பேருக்கு மட்டும்.

வீக்கம் வடிந்தும் வடு நிற்கலாம், வடுவிலிருந்து இதயத் துடிப்பு தடம் புரளலாம். அழற்சி உறுதியானவர்கள் மருத்துவர் சொல்லும்வரை கடும் உடற்பயிற்சியை நிறுத்த வேண்டும் என்பது அதனால்தான். மறுபடி ஓடுவதற்குமுன் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ (இதய ஸ்கேன்), 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர், டிரெட்மில் நான்கும் பார்த்துவிட வேண்டும். தொற்றுக்குப் பின் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தால் முதலில் இ.சி.ஜி.யும் ட்ரோபோனினும், எம்.ஆர்.ஐ. அதற்கடுத்துத்தான்.

நன்றியுடன்,
இதயப் படமெடுப்புப் பிரிவுப் பணியாளர்கள்