ஓதுவதும் வாசிப்பதும்

மேலப்பாளையம்
ரமலான் பிறை 11

அன்புள்ள சாமுவேலுக்கு,

காதர் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலி மட்டும் விட்டுப்போக மாட்டேன் என்கிறது. தராவீஹ் தொழுகைக்கு எனக்குப் பின் வரிசையில் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். முதல் நாள் வெட்கமாக இருந்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. சின்னவன் தம்மாமிலிருந்து பெருநாளுக்கு வருகிறான். உன் பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா? போன கடிதத்தில் அதைச் சொல்லாமலே முடித்துவிட்டாய்.

உன் அம்மா, நம் டீச்சரம்மா அடக்கத்துக்கு வந்தபோது அவர்களுடைய வேதப்புத்தகத்தை என் கையில் கொடுத்து, "வாசிச்சிட்டு மெதுவாத் தா" என்றாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கொண்டுவந்த அன்றே ஒரு சிக்கல். எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் குர்ஆன் அலமாரியின் மேல்தட்டில், உம்மா தைத்த பச்சை உறைக்குள் இருக்கும். அதன் மேல் வேறு எதையும் வைக்க மாட்டோம். எடுக்கும் முன் கைகால் முகம் கழுவி ஒளு எடுப்போம், பலகையில் வைத்துத்தான் ஓதுவோம். என் வீட்டுக்காரி சற்று யோசித்தாள். "மூஸா, தாவூது, ஈசா நபிமாருக்கு இறங்கின தவ்ராத்தும் ஸபூரும் இன்ஜீலும் நாம ஈமான் கொண்ட வேதம்தானே" என்று அதே தட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். ஆலிம்சாவிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

திறந்து பார்த்தால் பக்கமெல்லாம் பென்சில். ஆதியாகமம் 26-இல் ஈசாக்கு கிணறு வெட்டுகிற இடத்தில், "நம்ம கிணறு, இருபது அடியில் பாறை" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். 121-ஆம் சங்கீதத்துக்குப் பக்கத்தில், "சாமு டைபாய்டு. ஏழாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று." மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றின் கீழே பால் பாக்கி நாலு ரூபாய். நீதிமொழிகளுக்குள் காய்ந்துபோன குருத்தோலைச் சிலுவை ஒன்று. பால் பாக்கியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது, மறைக்கவில்லை. குர்ஆன் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கவும் எங்களுக்குக் கை வராது. டீச்சரம்மாவைவிட பயபக்தியான மனுஷியை நான் பார்த்ததில்லை. அவர்கள் வேதத்தில் பால் கணக்கா?

இது மரியாதைக் குறைவு இல்லை என்று புரிய இரண்டு வாரம் ஆயிற்று. புரிய வைத்தது நம் தமிழ்தான். நீங்கள் வேதம் வாசிக்கிறீர்கள், நாங்கள் குர்ஆன் ஓதுகிறோம். "குர்ஆன் வாசித்தேன்" என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குர்ஆன் என்ற சொல்லுக்கே ஓதுதல் என்றுதான் பொருள். ஆறு வயதில் லெப்பையிடம் அலிஃப், பா தொடங்கி, பதினொரு வயதில் முப்பது ஜுஸ்உவும் (பாகமும்) ஓதி முடித்தேன். வீட்டில் நார்சா என்று இனிப்பு கொடுத்தார்கள். ஒரு வரிக்குக்கூட அர்த்தம் தெரியாது. முப்பது வயதுக்கு மேல்தான் அப்துல் ஹமீது பாகவியின் தர்ஜமாவை, அதாவது தமிழ் மொழிபெயர்ப்பை, உட்கார்ந்து படித்தேன். அது எங்கள் குறைதான், நீ முன்பு கிண்டல் செய்தது சரிதான். ஆனால் அந்தக் குறைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த அரபுச் சொற்களே, அந்த ஓசையே அல்லாஹ்வின் பேச்சு. தமிழில் இருப்பது தர்ஜமாதான், குர்ஆன் ஆகாது. அதை வைத்துத் தொழ முடியாது.

உங்கள் பக்கம் கதையே வேறு. ஈசா நபி, உன் கணக்கில் இயேசு, பேசியது அரமேயம். சுவிசேஷங்கள் நம் கைக்கு வந்திருப்பது கிரேக்கத்தில். அவர் வாயிலிருந்து வந்த ஓசை அங்கங்கே சிந்தியதுபோல நாலைந்து சொல்தான் மிச்சம். மாற்குவில் அந்தச் சிறுமியின் கையைப் பிடித்துச் சொல்கிறாரே, "தலீத்தாகூமி" என்று. அடுத்த வரியிலேயே அதற்கு அர்த்தம் சொல்லிவிடுகிறார் எழுதியவர். முதல் நாளிலிருந்தே நீங்கள் மொழிபெயர்ப்போடு வாழ்கிறவர்கள். அதனால்தான் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பத்தாவது வருஷத்துக்குள், 1715-இல், புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. எங்களிடம் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் விளக்கங்கள் இருந்தன. ஆனால் தமிழ் எழுத்தில் முழு தர்ஜமா வர இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், நாம் ஐம்பது வருஷமாகத் தப்பான ஜோடியை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பட்டது. குர்ஆனுக்கு எதிரே பைபிள், முஹம்மது நாயகத்துக்கு எதிரே இயேசு என்று வைத்தோம். யோவான் முதல் அதிகாரத்தை எடுத்துப் பார். "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று தொடங்கி, அந்த வார்த்தை மாம்சமானது என்று போகிறது. உங்களுக்கு இறைவனின் வார்த்தை ஒரு மனிதராக வந்தது. எங்களுக்கு அது ஓதப்படும் வேதமாக இறங்கியது. அப்படியானால் என் குர்ஆனுக்கு எதிரே வைக்க வேண்டியது உன் இயேசுவை. பைபிள் அவரைப் பார்த்தவர்களும் கேட்டவர்களும் கொடுத்த சாட்சி. சாட்சியின் ஓரத்தில் பால் கணக்கு எழுதலாம், கிணறு எழுதலாம், பிள்ளையின் காய்ச்சலை எழுதலாம். டீச்சரம்மா தன் சாட்சியையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடு வாசித்த பிறகுதான் லூக்கா எனக்குப் பிடிபட்டார். எடுத்த எடுப்பில், பலபேர் எழுதியிருக்கிறார்கள், நானும் ஆதிமுதல் விசாரித்து ஒழுங்காய் எழுதுவது "எனக்கு நலமாய்த் தோன்றிற்று" என்கிறார். வேதம் இப்படித் தொடங்குமா என்று ஒரு முஸ்லிமுக்குத் தலை சுற்றும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை வரும்போது எடுத்துக்கொண்டு வா என்கிறார். குளிருக்குப் போர்த்த ஒரு அங்கி, அதுவும் வேதத்துக்குள். குர்ஆனில் பேசுகிறவன் அல்லாஹ். நாயகம் (ஸல்) அதைக் கேட்டுச் சொல்கிறவர். அவரையே கண்டிக்கிற வசனமும் உண்டு. 80-ஆம் சூராவில், அதாவது அத்தியாயத்தில், பெரிய மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கண் தெரியாத ஒருவர் வந்து குறுக்கிட, நாயகம் முகம் சுளித்ததைச் சொல்லி, இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறது. தன்னைக் கண்டித்த வசனத்தையும் அவர் மறைக்காமல் ஓதிக் காட்டினார் என்பது எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. ஈசா நபிக்கு இறங்கிய இன்ஜீல் என்று நாங்கள் நம்புவது ஒரே வேதம். உன்னிடம் இருப்பது அவரைப் பற்றிய நாலு புத்தகம். "இதுதானா அது?" என்று கேட்டால், முழுதாக அது இல்லை, இடையில் மாறிவிட்டது என்பது எங்கள் பதில். நீ அதற்குக் கோபப்படுவாய். படு.

யூசுஃப் நபி கதையை இரண்டு பக்கமும் வைத்து வாசித்தேன். உன் ஆதியாகமத்தில் 37-இலிருந்து வளைந்து வளைந்து கடைசி வரைக்கும் ஓடுகிறது. எங்களுக்கு 12-ஆம் சூரா, 111 வசனம், ஒரே இருப்பில் முடிந்துவிடும். சட்டையை மட்டும் பார். அண்ணன்மார் இரத்தம் தோய்த்த அங்கியைக் கொண்டுவந்து காட்டியதும் உன் யாக்கோபு, துஷ்டமிருகம் பட்சித்துப்போட்டது என்று நம்பி அழுகிறார். எங்கள் யஃகூப் நபி நம்பவில்லை. இது உங்கள் மனசு ஜோடித்த கதை என்று சொல்லிவிட்டு, அழகிய பொறுமையைப் பிடித்துக்கொள்கிறார். எகிப்தில் எஜமானி பிடித்து இழுத்தபோது உன் யோசேப்பு அங்கியை விட்டுவிட்டு ஓட, அதுவே அவருக்கு எதிராகச் சாட்சி ஆகிறது. எங்களிடம் சட்டை பின்பக்கம் கிழிந்திருக்கிறது, ஆகவே அவர் ஓடியவர், குற்றவாளி இல்லை என்று தெரிந்துவிடுகிறது. கடைசியில் யூசுஃப் நபியின் சட்டையை முகத்தில் போட்டதும் அழுதழுது பார்வை போன தகப்பனுக்குக் கண் தெரிகிறது.

நபி ஏமாறக்கூடாது, தவறக்கூடாது என்பதில் எங்களுக்கு அவ்வளவு கண்டிப்பு. நோவா குடித்துவிட்டுக் கிடந்ததையும் தாவீது பிறன் மனைவி பத்சேபாளிடம் தவறிய விஷயத்தையும் வாசிக்கும்போது எனக்கு இன்றைக்கும் கூசத்தான் செய்கிறது. பி.யு.சி. படிக்கும்போது இதைச் சொன்னதற்கு நீ, "தாவீதே தவறினாத்தாம்ல ரட்சகர் தேவைன்னு தெரியும்" என்றாய். அன்றைக்கு அது சமாளிப்பு என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் மொத்த விஷயமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. உங்களுக்கு ஆதாமின் பாவம் பிள்ளைகள் தலையிலும் விழுகிறது, இறக்கி வைக்க ஒருவர் வர வேண்டும். எங்கள் ஆதம் நபி தவறினார், தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டார், அல்லாஹ் மன்னித்துவிட்டான். கணக்கு அங்கேயே முடிந்தது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பிறகு சிலுவை எதற்கு?

அந்தச் சிலுவையில்தானே ஒரு வாரம் பேசாமல் இருந்தோம்! டீக்கடை பெஞ்சில் நான், "அவரை அவர்கள் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை" என்ற 4-ஆம் சூரா வசனத்தைச் சொல்ல, நீ டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். காசும் நான்தான் கொடுத்தேன். அவ்வளவு நேசித்த ஒரு நபியை அல்லாஹ் அந்தக் கதிக்கு விட்டுவிடுவானா என்பது என் பக்கத்துக் கேள்வி. அந்தக் கதிக்குத் தானே இறங்கி வந்தவர்தான் தேவன் என்பது உன் பதில். எல்லா மதமும் ஒண்ணுதான் என்று மேடையில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். இந்த இடத்தில் ஒன்று இல்லை. அதை மறைக்காமலேதான் உங்கள் கோயில் அசன விருந்தில் நான் சாப்பிட்டேன், எங்கள் பள்ளிவாசல் கஞ்சியை நீ குடித்தாய்.

டீச்சரம்மா புத்தகத்தில் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு இடம். கெத்செமனே தோட்டத்தில் இயேசு கீழே விழுந்து ஜெபிக்கிறார்: "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்." அப்பா என்பது அரமேயம் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். தமிழ் அப்பாவும் அதுவும் ஒரே ஒலியில் வந்து விழுந்திருக்கிறது. அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். வேறு குறிப்பு எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் அல்லாஹ்வின் 99 திருநாமங்களும் எழுதிய படம் மாட்டியிருக்கிறது. ரஹ்மான் உண்டு, வதூத் உண்டு, அன்பு செலுத்துகிறவன் என்று அர்த்தம். வாப்பா என்று ஒரு பெயர் அதில் இல்லை. மர்யம் சூராவில் தொட்டில் குழந்தையாக ஈசா நபி பேசும் முதல் பேச்சே, "நான் அல்லாஹ்வின் அடிமை" என்பது. நாங்கள் அடிமை என்று சொல்வதில் ஒரு நிம்மதி உண்டு சாமு, அதை உனக்கு எழுத்தில் விளக்க எனக்கு வரவில்லை. ஆனால் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அன்றைக்கு மேலே வாசிக்கவில்லை.

இன்னொன்று. நம் ஊரில் உங்களை வேதக்காரர், உங்கள் கோயிலை வேதக்கோயில் என்று பாட்டிமார் சொல்வார்களே, அதே சொல்லைத்தான் குர்ஆன் தர்ஜமாக்களிலும் கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் போட்டிருக்கிறார்கள். யாரிடமிருந்து யார் எடுத்தார்களோ.

புத்தகத்தை அடுத்த வாரம் தருகிறேன். வெளிப்படுத்தின விசேஷம் பாக்கி இருக்கிறது, அதில் மிருகங்கள் நிறைய, மெதுவாகத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வீட்டில் இருப்பேன், நீயே வா. கஞ்சி வாங்கத் தூக்குவாளி கொண்டு வா, போன வருஷம் போலக் கேரி பேக்கில் ஊற்றிக்கொண்டு போய் வழியில் கொட்டாதே.

அன்புடன்,
காதர்