மாதகல் கடலுக்கு 200 மைல் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்லை தாண்டிய மீன்பிடி பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்திய இழுவைப் படகுகள் இலங்கையின் 200 கடல் மைல் பிரத்தியேக பொருளாதார வலயத்துக்குள் நுழைவதாக அதில் மூன்று இடங்களில் வருகிறது. பாக்கு நீரிணையைப் பொறுத்தவரை அது பிழை. அந்தப் பிழையால் நட்டப்படுகிறவர்கள் நாங்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தின் வட கரையிலுள்ள எங்கள் மாதகலிலிருந்து நேர் வடக்கே 200 கடல் மைல், அதாவது 370 கிலோமீற்றர் அளந்தால், ஏறத்தாழச் சென்னை வந்துவிடும். நமக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல் அவ்வளவு ஒடுக்கம். எங்கள் கரையிலிருந்து எல்லைக் கோட்டுக்கு இருபது கடல் மைல்கூட இல்லை. அந்தக் கோடு 1974 ஜூனில் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கையில் வரையப்பட்டது. கச்சதீவு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது என்பது மட்டும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த நீர்ப்பரப்பை உடன்படிக்கை 'வரலாற்று நீர்', அதாவது நெடுங்காலமாகத் தமக்குரியதாக இருந்துவந்த நீர், என்று குறிப்பிட்டதையும், கோட்டுக்கு அவரவர் பக்கத்து நீரிலும் தீவிலும் கடலடி நிலத்திலும் அவரவர்க்கு முழு இறைமை உண்டு என்று சொன்னதையும் எத்தனை பேர் அறிவார்கள்? 1977 ஜனவரியில் வந்த ஜனாதிபதிப் பிரகடனம் இன்னும் ஒரு படி மேலே போய், பாக்கு நீரிணையிலும் பாக்கு விரிகுடாவிலும் எமது பக்கத்து வரலாற்று நீரை நாட்டின் உள்நாட்டு நீர் என்றே அறிவித்தது. சட்டத்தின் கண்ணில் அது யாழ்ப்பாணக் கடல்நீரேரியைப் போன்றது.

பொருளாதார வலயம் வேறு. கரையோர நாட்டுக்கு அங்கே மீனிலும் கனிமத்திலும் உரிமை உண்டு; முழு இறைமை இல்லை. பிற நாட்டுக் கப்பல்கள் தடையின்றிப் போகலாம். பிடிக்கக்கூடிய மீன் முழுவதையும் தன்னால் பிடிக்க முடியாத நாடு, மிச்சத்தைப் பிறருக்கு அனுமதிக்க வேண்டும் என்றும் 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட சமவாயம் சொல்கிறது. அந்தச் சமவாயத்தை உருவாக்கிய மாநாட்டுக்கு 1980இல் காலமாகும் வரை தலைமை தாங்கியவர் எமது நாட்டவரான ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க. அப்படிப்பட்ட நாட்டில் இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாமா?

குழப்பினால் என்ன என்று கேட்கலாம். போன வருடம் என் தம்பியின் வலைகள் ஒரே இரவில் அறுபட்டுப் போயின. கடன்பட்டு வாங்கிய வலைகள். முறையிடப் போன இடத்தில், இது பொருளாதார வலய விவகாரம், நாடுகள் பேசித் தீர்க்க வேண்டியது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இருபது மைலுக்குள் நடந்ததை ஒரு சொல்லால் நடுச்சமுத்திரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தச் சொல் பத்திரிகையிலும் வரும்போது அவர்களுக்கு அது இன்னும் வசதியாகிறது.

1976 மார்ச்சில் பரிமாறிய கடிதங்களில் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் வரலாற்று நீரிலோ கரையை ஒட்டிய ஆட்புலக் கடலிலோ பொருளாதார வலயத்திலோ மீன்பிடிப்பதில்லை என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. மூன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது.

தமிழக மீனவர் யாரும் சிறையில் கிடக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் அவர்களோடு ஒரே பாயில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் ஆழமில்லாத இந்தக் கடலின் அடியை இழுவை மடி வாரிக்கொண்டு போகும்போது குஞ்சும் குருமனும் சேர்ந்தே போகின்றன. திங்கள், புதன், சனி என்று அவர்கள் வரும் நாட்களை எங்கள் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த இரவுகளில் வலை விடப் பயம். தமிழகக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை இருக்கும்போதுதான் தம்பி நிம்மதியாக வலையை விட்டுவிட்டுத் தூங்குகிறான். இங்கேயும் அடிமடி இழுவை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது. அதையும் மீறி எம்மவர் சிலர் இழுக்கிறார்கள் என்பதை மறைத்துவிட்டு அடுத்தவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான பொருளாதார வலயம் எமக்கும் உண்டு. வடமராட்சி கிழக்கில் நின்று பார்த்தால் தெரியும் வங்கக் கடலில், பன்னிரண்டு மைல் ஆட்புலக் கடலுக்கு அப்பால் அது தொடங்குகிறது. ஆனால் அங்கே போய் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யப் பலநாள் படகு வேண்டும். எங்கள் கரைகளில் பெரும்பாலும் இருப்பவை இரவு போய்க் காலையில் திரும்பும் சிறு கண்ணாடியிழைப் படகுகள். போர்க்காலத்தில் கடல் வலயத் தடையால் கரையோடு முடங்கியவர்கள் ஆழ்கடல் தொழிலுக்கு வேண்டிய முதலீட்டை எங்கே தேடுவார்கள்? அந்த வலயத்தைப் பற்றி எழுதுவதானால், வடபகுதி மீனவருக்கு அதில் என்ன பங்கு கிடைத்தது என்று தயவுசெய்து எழுதுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1974இல் பாக்கு நீரிணையிலும் 1976இல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் வரைந்த எல்லைக் கோடுகளையும், எது உள்நாட்டு நீர், எது ஆட்புலக் கடல், எது பொருளாதார வலயம் என்பதையும் காட்டும் வரைபடம் ஒன்றைத் தமிழில், ஒரு முழுப் பக்கத்தில் வெளியிடுங்கள். எங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒட்டி வைப்பதற்கு நான் பத்துப் பிரதிகள் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மாதகல்.