பெட்டிக்குக் காப்பீடு உண்டு, லேப்டாப்புக்கு இல்லையா? காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர், உறுப்பினர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்,
ஹைதராபாத்.

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் விமானம், ரயில், பேருந்து டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை நடத்துகிறேன். எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற தருமபுரிக்கோ மொரப்பூருக்கோ போக வேண்டும், விமானம் ஏற பெங்களூரைத் தாண்டி தேவனஹள்ளிக்குப் போக வேண்டும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளைப் பார்க்க முதன்முதலாக விமானம் ஏறும் அப்பா அம்மா எல்லோரும் என் கடைக்கு வருகிறார்கள். பயணக் காப்பீடு வேண்டும் என்றால் அந்தப் படிவத்தையும் ஆன்லைனில் நிரப்பிக் கொடுக்கிறேன். அதில் 'பேக்கேஜ் இழப்பு', அதாவது பயணச் சாமான் தொலைவது, என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு பெரிய தொகை இருக்கும். போன், லேப்டாப் தொலைந்தால் அதிலிருந்து பணம் வரும் என்றுதான் கேட்பவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள்.

வராது. நிபந்தனைப் பக்கங்களில் 'விலையுயர்ந்த பொருள்கள்' என்றொரு விளக்கம் உண்டு. தங்க நகையும் கைக்கடிகாரமும் இருக்கும் அதே பட்டியலில் கேமரா, கணினி, தொலைத்தொடர்புச் சாதனம், மற்ற எல்லா மின்னணுப் பொருள்களும் சேர்ந்திருக்கும். பேக்கேஜ் இழப்பில் இவற்றுக்கு இழப்பீடு கிடையாது என்பது பெரும்பாலான பாலிசிகளில் உள்ள நிபந்தனை. மிஞ்சுவது துணிமணியும் செருப்பும்தான். அதற்கும் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு, பழசானதற்குக் கழிவு.

இன்னொரு நிபந்தனையை இதோடு சேர்த்துப் பாருங்கள். பேக்கேஜ் இழப்பு என்பது பொதுவாக விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த செக்-இன் பெட்டிக்கு மட்டும்தான். ஆனால் பவர் பேங்க்கையும் உதிரி லித்தியம் பேட்டரியையும் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. லேப்டாப்பையும் விலை உயர்ந்த சாமான்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று விமான நிறுவனங்களும் சொல்கின்றன. சொன்னபடி கையில் வைத்துக்கொண்டால் அது செக்-இன் சாமான் இல்லை, அதனால் காப்பீடு இல்லை. சொன்னதை மீறிப் பெட்டிக்குள் வைத்தால் அது விலையுயர்ந்த பொருள், அப்போதும் காப்பீடு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயணிக்கு வழி அடைத்திருக்கிறது.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போன ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. ஹேண்ட் லக்கேஜ் எடை கூடிவிட்டது என்று கவுன்ட்டரில் சொல்ல, லேப்டாப்பைப் பெட்டிக்கு மாற்றினாள். பெட்டி போய்ச் சேரவே இல்லை. அங்கே இறங்கியதுமே விமான நிறுவனத்திடம் புகார் எழுதி, நகலும் வாங்கி அனுப்பினாள். பெட்டிக்கும் துணிக்கும் ஏதோ கணக்குப் போட்டு ஒரு தொகை வந்தது. லேப்டாப்புக்கு ஒரு ரூபாய் இல்லை. அது அவள் தம்பி ஆன்லைனில் தவணையில் வாங்கிக் கொடுத்தது. லேப்டாப் போன பிறகும் தவணை ஓடியது.

உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடித்தளத்தில் இருந்த ஒரு கடைக்குத் தீ விபத்துப் பாலிசி கொடுத்திருக்கிறார்கள். அதில் அடித்தளத்துக்குக் காப்பீடு இல்லை என்ற நிபந்தனையும் இருந்திருக்கிறது. கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தே பாலிசி விற்றுவிட்டு, எரிந்த பிறகு அந்த நிபந்தனையைக் காட்டுவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. விலக்கு நிபந்தனையை எடுத்துச் சொல்வது காப்பீட்டு நிறுவனத்தின் கடமை என்றது. இன்றைக்குப் பயணம் போகிற ஒருவர் கையில் போன் இல்லாமல் போக முடியுமா? டிக்கெட்டும் போர்டிங் பாஸும் அதில்தானே இருக்கின்றன? பாலிசி ஆவணத்தையே அந்தப் போனுக்குத்தான் அனுப்புகிறார்கள். அது தெரிந்தே பேக்கேஜ் காப்பீடு என்று விற்கிறார்கள்.

சரி, கூடுதல் பிரீமியம் கட்டினால் மின்னணுப் பொருள்களையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகளும் சில இருக்கின்றன. அங்கே ஆன்லைனில் வாங்கியவர்கள் பில்லில் மாட்டிக்கொள்கிறார்கள். ஊத்தங்கரை, அரூர், பென்னாகரம் பக்கமெல்லாம் நல்ல லேப்டாப் வேண்டும் என்றால் இப்போது ஆன்லைன்தான். தீபாவளி ஆஃபரில் ஓசூரில் வேலை செய்யும் அண்ணன் தன் கணக்கிலிருந்து ஆர்டர் போடுவார், அவர் கார்டில் தவணை போகும், பில்லும் அவர் பெயரில் வரும். ஜி.எஸ்.டி. வரவு கிடைக்கும் என்று கடையின் பெயரில் பில் போடுகிறவர்களும் உண்டு. பொருளை வைத்திருப்பது தங்கையோ மகனோ. கிளெய்ம் போட்டால், பில் உங்கள் பெயரில் இல்லை, உரிமைச் சான்று போதாது என்று திருப்பி அனுப்புகிறார்கள். எங்கள் குடும்பங்களில் பொருள் வாங்குவதே இப்படித்தான். இதை ஏமாற்று வேலை என்பதுபோல் பார்ப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் போலீஸ். பெங்களூர் சாந்தி நகரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி வந்து இறங்கும்போது பை காணோம். கர்நாடகத்தில் போனதா தமிழ்நாட்டில் போனதா என்று யாருக்குத் தெரியும்? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. நடைமுறையில் நம் பக்கத்தில் முதலில் கைக்கு வருவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான். காப்பீட்டு நிறுவனம் வழக்குப் பதிந்த எஃப்.ஐ.ஆர். கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிளெய்ம் நாள் கடந்துவிடுகிறது.

ஆணையம் நல்லது செய்ததையும் சொல்ல வேண்டும். டிக்கெட் தளங்களில் காப்பீட்டுக் கட்டத்தை முன்கூட்டியே டிக் செய்து வைக்கக் கூடாது என்று 2019இல் உத்தரவிட்டீர்கள். மருத்துவக் காப்பீட்டில் 2024 ஜனவரி முதல் புது வடிவத்தில் வாடிக்கையாளர் தகவல் தாள் வந்தது, கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்றீர்கள். அதே வழியில் இன்னும் கொஞ்சம் வாருங்கள். பணம் கட்டும் திரையிலேயே, தொகைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில், 'போன், லேப்டாப், கேமராவுக்கு இழப்பீடு இல்லை' என்று தமிழில் இருக்க வேண்டும். கேட்டால் தருவோம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கலாம் என்பதே தெரியாது. விதி கையில் வைக்கச் சொல்கிற பொருளுக்குக் கையில் இருக்கும்போதே காப்பீடு தரும் ஒரு பிரிவை, தனி விலை போட்டாவது, எல்லா நிறுவனங்களும் வைத்திருக்கச் சொல்லுங்கள். வேண்டும் என்கிறவர்கள் கட்டட்டும்.

ஆவணத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற தனி அடையாள எண் உண்டு. தொலைந்த போனை அந்த எண்ணை வைத்து முடக்கும் சஞ்சார் சாத்தி தளத்தை மத்திய அரசே 2023இல் தொடங்கியது. அங்கே கொடுத்த புகார் எண், அந்தப் போனில் ஓடிய சிம் யார் பெயரில் இருந்தது என்ற விவரம், தவணை கட்டிய வங்கிக் கணக்கு விவரம், பில் பெயர்தாரர் தரும் ஒரு கடிதம் ஆகியவற்றை உரிமைச் சான்றாக ஏற்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதை வைத்துக் கிளெய்மைப் பதிவு செய்துகொண்டு, எஃப்.ஐ.ஆரைப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் 155255 புகார் எண்ணையும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தையும் என் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித்தான் அனுப்புகிறேன். ஆனால் 'இல்லை' என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கும்போது அங்கே போய் அவர்கள் எதைக் கேட்பார்கள்? நிபந்தனையை மாற்றும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
டிக்கெட் பதிவுக் கடைக்காரர்,
கிருஷ்ணகிரி.