‘யூத்திப்ரோ’வை முழுதாகப் பாடமாக வையுங்கள்

மெய்யியல் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். பிளேட்டோவின் ‘யூத்திப்ரோ’ உரையாடல் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது: தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் பக்தியாகிறதா, பக்தியாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா? கூர்மையான கேள்விதான், வினாத்தாளுக்கு வசதியானதும்கூட. ஆனால் அது எதிலிருந்து எழுந்தது, அதன்பின் பேச்சு எங்கே போனது என்பவை மாணவர்களுக்குத் தெரியாமலே போகின்றன. ஒரே அமர்வில் வாசித்துவிடக்கூடிய இச்சிறு நூலை முழுமையாகப் பாடமாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பேச்சு நடப்பது கி.மு. 399இல், ஏதென்ஸில், சமயம் சார்ந்த வழக்குகளை ஏற்கும் அதிகாரியின் மண்டபத்தருகே. தெய்வங்களை மதிக்காதவர் என்று மெலிட்டஸ் தொடுத்த வழக்குக்காக சாக்ரடீஸ் வந்திருக்கிறார்; யூத்திப்ரோவோ தன் தந்தைமீதே கொலைவழக்குத் தொடுக்க வந்திருக்கிறான். நக்ஸோஸ் தீவில் அவர்கள் நிலத்தில் வேலை பார்த்த கூலியாள் ஒருவன் குடிபோதையில் வீட்டு அடிமையைக் கொன்றுவிட, தந்தை அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, செய்ய வேண்டியதைச் சமய விதி அறிந்தவரிடம் கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆளனுப்புகிறார். கொலைகாரன்தானே, செத்தால் என்ன என்று அதன்பின் அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. போனவன் வருவதற்குள் பசியாலும் குளிராலும் கட்டுகளாலும் அந்தக் கூலியாள் இறந்துபோகிறான். பெற்ற தகப்பனை மகன் வழக்குக்கு இழுப்பது தெய்வத்துக்கு அடுக்காது என்கிறார்கள் உறவினர்கள். கொன்றவர் தகப்பனானாலும் தீட்டு தீட்டுதான் என்கிறான் மகன். இரு தரப்பும் தெய்வத்தின் பெயரால் பேசுவதால்தான் பக்தி என்றால் என்ன என்று கேட்க வேண்டியதாகிறது. நக்ஸோஸ் பள்ளத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் தருக்கப் புதிர்.

அந்தப் புதிருக்குப் பிந்திய பக்கங்களே என் கருத்தில் நூலின் உயிர். பக்தி நீதியின் ஒரு பகுதி, தெய்வங்களுக்குச் செய்யும் பணிவிடை என்ற இடத்துக்குப் பேச்சு வருகிறது. மருத்துவருக்கு உதவும் பணி உடல்நலத்தைத் தருகிறது, கப்பல் கட்டுபவருக்கு உதவும் பணி கப்பலைத் தருகிறது. அப்படியானால் தெய்வங்கள் நம்மை ஏவலராகக் கொண்டு நிறைவேற்றும் அந்தச் சிறந்த செயல் எது என்று சாக்ரடீஸ் கேட்கிறார். யூத்திப்ரோ நழுவி, வேண்டுதலும் பலியும் வீட்டையும் நாட்டையும் காக்கும் என்கிறான். விடை கைக்கெட்டும் நேரத்தில் விலகிப்போனாயே என்று வருந்தும் சாக்ரடீஸ், கொடுத்து வாங்கும் அந்தப் பக்தியை ஒரு வணிகக் கலையென்று காட்டிவிடுகிறார். இவ்விடத்தில் பிளேட்டோ தம் சொந்த விடையைக் குறிப்பாக உணர்த்துகிறாரா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். உணர்த்துகிறார் என்றே நான் கொள்கிறேன். ஏனெனில் அதே வழக்கில் சாக்ரடீஸ் ஆற்றியதாகப் பிளேட்டோ எழுதிய எதிருரையில், ஏதென்ஸ் மக்களைக் கேள்வி கேட்டு ஆன்மாவின்மீது அக்கறை கொள்ளத் தூண்டுவதே தெய்வத்துக்குத் தாம் செய்யும் தொண்டு என்கிறார். ஆகவே எதிருரையையும் இதன் தொடர்ச்சியாகவே வைக்க வேண்டும்.

நேரம் கிடைத்தால் அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸையும் சேர்க்கலாம். பக்தி பற்றி அவர் எழுதிய நூல் தொலைந்துபோனாலும், புலால் மறுத்தலைப் பற்றிப் பிற்கால மெய்யியலாளர் போர்பிரி எழுதிய நூலில் அதன் பகுதிகள் எஞ்சியுள்ளன. உயிர்ப்பலி பிற்காலத்தில் புகுந்தது, தெய்வங்கள் பார்ப்பது படைப்பவரின் குணத்தையே என்ற அவரது வாதம், சாக்ரடீஸ் எழுப்பிய வணிகக் கேள்விக்கு நேரான மறுமொழி.

தேர்விலும் அந்தப் புதிரை விளக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், யூத்திப்ரோவின் வழக்கை உறவினர் தரப்பிலிருந்தும் இறந்த கூலியாளின் தரப்பிலிருந்தும் வாதிடச் சொல்லி ஒரு வினாவையேனும் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மெய்யியல் ஆசிரியர் ஒருவர்