கோடையிலும் தொடரும் பறவை நடை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு நடக்கிற நேரத்தில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் கட்டணம் பற்றியோ மதிப்பெண் பற்றியோ இருக்கும் என்றுதான் தோன்றும். இது இரண்டும் இல்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைச் சனிக்கிழமைக் காலைகளில் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறோம் அல்லவா, அதை மே மாதத்திலும் தொடரப்போகிறோம்.

போன பெற்றோர் கூட்டத்தில் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "வேடந்தாங்கல் சீசனே முடிஞ்சிடுச்சு, இந்த வெயில்ல என்ன சார் பார்க்க இருக்கு?" நியாயமான கேள்வி. வடக்கே இருந்து வந்த வாத்துகளும் உள்ளான்களும் பெரும்பாலும் கிளம்பிவிட்டன. ஆனால் இங்கேயே இருக்கிற பறவைகளில் பலவும் கூடு கட்டுவதும், முட்டையிடுவதும், அதற்காக நிறம் மாறுவதும் இந்த மாதங்களில்தான். பனிக்காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். ஒரு பறவை என்ன செய்கிறது என்று நின்று பார்க்க எனக்குக் கோடைதான் பிடிக்கும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலை அந்தச் சதுப்பு நிலத்தின் நடுவேதான் போகிறது. உங்களில் பலர் தினமும் வேலைக்குப் போகிற வழி. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, இன்னொரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள். தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்திருந்ததால் பூநாரைகள் நின்றுகொண்டிருந்தன. அவை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் சங்குவளை நாரைகள். இவை கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்து கலங்கிய தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் துழாவும். ஏதாவது பட்டால் டக்கென்று மூடிவிடும். இதை ஆசிரியர் சொல்லவில்லை, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், அது குனிஞ்சு பார்க்கவே இல்ல, ஆனா பிடிச்சிடுது" என்றாள். அதற்குப் பிறகுதான் விளக்கமே.

அன்று பெரிய விவாதமே மடையானால் வந்தது. வாய்க்கால் ஓரம் மண் நிறத்தில் கோடு கோடாக, இருப்பதே தெரியாமல் நிற்கும் சின்னக் கொக்கு அது. இனப்பெருக்கக் காலத்தில் முதுகு முழுக்கக் கரும்பழுப்புச் சிவப்பாக மாறிவிடும், தலை வெளிர் மஞ்சளாகும். பிள்ளைகள் அது மடையான் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. எழுந்து பறந்து வெள்ளைச் சிறகை விரித்த பிறகுதான் சரி என்றார்கள். உண்ணிக்கொக்கும் இப்போது தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு பூசிக்கொண்டு திரிகிறது. மாடு மேய்கிற எந்தக் காலி மனையிலும் பார்க்கலாம்.

பெசன்ட் நகர் உடைந்த பாலத்துக்கும் போனோம். அங்கே வெயில் சீக்கிரம் ஏறிவிட்டது, ஆலா என்கிற கடற்பறவைகள் சில, நீர்க்காகங்கள், அவ்வளவுதான். கடற்காற்று நன்றாக இருந்தது.

நம் பள்ளி வளாகத்திலேயே நடந்ததுதான் எனக்கு முக்கியம். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து முருங்கையில் பட்டுப்போன கிளை ஒன்றை வெட்டத் தோட்டக்காரர் வந்தபோது, எட்டாம் வகுப்புப் பையன்கள் ஓடிவந்து தடுத்தார்கள். கிளையின் அடிப்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக வட்டமான ஓட்டை. செம்மார்புக் குக்குறுவான் குடைந்தது. மத்தியானத்தில் விடாமல் 'டுங்க், டுங்க், டுங்க்' என்று கேட்குமே, பாத்திரக் கடையில் செம்புக்குடம் தட்டுகிற மாதிரி, அந்தப் பறவைதான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பச்சை உடம்பு, நெற்றியும் மார்பும் சிவப்பு. கூவும்போது அலகைத் திறப்பதில்லை, தொண்டை மட்டும் புடைக்கும். உள்ளே போய் மரத்தூளை வாயில் அள்ளிவந்து வெளியே உதறுவதை இடைவேளையில் பாதிப் பள்ளி நின்று பார்த்தது. கிளை அப்படியே இருக்கிறது, ஜூனுக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம். உங்கள் குடியிருப்பிலும் மரம் கழிக்கிற வேலை இருந்தால், ஓட்டை உள்ள காய்ந்த கிளையைக் கொஞ்ச காலம் விட்டுவைக்கச் சொல்லி அசோசியேஷனில் கேட்டுப்பாருங்கள். ஆள் மேல் விழுகிற நிலையில் இருந்தால் வேறு விஷயம்.

காக்கை தலையில் கொத்துகிறது என்று சிலர் சொன்னீர்கள். அந்தப் படிக்கட்டுக்கோ வாசலுக்கோ மேலே கூடும் குஞ்சும் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும், அதுவரை குடை பிடித்துப் போங்கள். கூட்டைக் கலைக்க வேண்டாம். அதில் குயிலின் முட்டையும் இருக்கக்கூடும். காக்கைக் குஞ்சுக்குச் சில நாள் முன்பே குயில் குஞ்சு பொரிந்து, காக்கையிடமே சோறு வாங்கித் தின்று வளரும். விடியற்காலை நான்கு மணிக்கே கத்தி எழுப்புகிறதே ஆண் குயில், அதன் குடும்ப விவகாரம் உங்கள் மொட்டைமாடிக்கு எதிர் மரத்திலேயே நடக்கிறது.

அப்புறம், கீழே விழுந்த குஞ்சு. இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கிற குஞ்சை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது பறக்கப் பழகுகிறது; தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை வராத புதர்மேல் வைத்தால் போதும். இறகே இல்லாத குஞ்சு என்றால், எட்டுகிற உயரத்தில் கூடு இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது சரியல்ல. வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். அடிபட்டிருந்தால் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யார் வீட்டில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிற பிள்ளைகள் ஆள்காட்டிப் பறவையின் கூட்டைத் தேடலாம். கூடு என்று ஒன்றும் இருக்காது. வெட்டவெளித் தரையில் நாலு முட்டை, கூழாங்கல் நடுவே கூழாங்கல்லாகக் கிடக்கும். வெயில் அதிகமானால் தாய்ப்பறவை தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம். வந்த வழியே திரும்ப வேண்டும். எந்தக் கூட்டையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இடம் சொல்லிப் போடாதீர்கள். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இந்த மாதங்களில் கூடாது.

எத்தனை வகை பார்த்தான் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒப்பிடுவதையும் நிறுத்திக்கொள்வோம். இதற்குப் பரிசு கிடையாது, பிராஜெக்ட் நோட்டும் கிடையாது. பட்டியலை ஆசிரியர்களே, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றிவிடுவார்கள். பைனாகுலர் வாங்க வேண்டாம், பள்ளியில் இருப்பதைப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்கிறார்கள். வீட்டில் மொட்டைமாடியில் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வையுங்கள். தினமும் கொட்டி மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசுதான் வளரும்.

மே மாதம் சனிக்கிழமைகளில் காலை 5.45க்குப் பள்ளி வாசலில் கூடுகிறோம், 8.30க்குள் திரும்பிவிடுவோம். இரண்டாம் சனிக்கிழமை மட்டும் நடை இல்லை. அன்று உலகம் முழுக்கப் பறவை எண்ணுவார்கள், பிள்ளைகள் உங்களோடு வீட்டைச் சுற்றியே ஒரு மணி நேரம் பார்த்து எழுதி வரட்டும். தொப்பி, தண்ணீர், மூடிய காலணி, பளிச்சென்று இல்லாத நிறத்தில் சட்டை. டப்பாவில் இட்லி கொடுத்துவிடுங்கள், பசித்தால் எந்தப் பறவையும் கண்ணில் படாது. வேன் செலவு பள்ளியுடையது. ஒவ்வொரு நடைக்கும் இரண்டு பெற்றோர் கூட வந்தால் உதவியாக இருக்கும். மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், குப்பைமேட்டுப் பக்கம் புகை இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்வோம். அனல் காற்று எச்சரிக்கை வந்தால் முந்தின நாள் மாலையே ரத்துச் செய்தி அனுப்புவோம்.

இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, கடைசித் தேர்வுக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்